பஸ்ரியன் அங்கிளின் அந்தோனியார் கோயில்

ரொறொன்ரோவின் அஜின்கோர்ட்டில் எங்கள் ஆட்களின் வீடுகளில் பிறந்தநாள் நடந்தாலும் சரி, வீடு குடிபுகுதல் நடந்தாலும் சரி, சாப்பாடு முடியும் நேரம் யாராவது ஒருவர் தொடக்கி வைப்பார். "பஸ்ரியன் அண்ணை, உங்கடை கிரேக்கத்துக் கதையை ஒருக்கா எடுத்து விடுங்கோவன்."

பஸ்ரியன் அங்கிள் முதலில் மாட்டேன் என்பார். பிறகு கதிரையைச் சுவரோடு சாய்த்து, இரண்டு கைகளையும் அகல விரித்து, "சந்தொரினி எண்டு ஒரு தீவு" என்று தொடங்குவார். அதற்குப் பிறகு ஐஸ்கிறீம் உருகினாலும் ஒருவரும் எழும்புவதில்லை.

அவர் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைக்காரர். எழுபத்திநாலில், கல்யாணமாகி இரண்டு வருடத்தில், கிரேக்கக் கம்பனி ஒன்றின் சரக்குக் கப்பலில் ஏறினார். அந்த நாட்களில் தீவுப் பகுதியிலிருந்து எத்தனையோ இளைஞர்கள் அப்படிப் போனார்கள். அங்கிளுக்கு எஞ்சின் அறையில் எண்ணெய் போடும் வேலை. ஒன்பது வருடம் கடலில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பினார். பிறகு ஊரில் இருக்க முடியாத காலம் வந்தது. மனைவி கிறிஸ்ரினாவோடும் மகன் ஜூலியஸோடும் கனடாவுக்கு வந்து சேர்ந்தார். இப்போது ஸ்காபரோவில் ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்துக்கு அவர்தான் சூப்பர், அதாவது பராமரிப்பாளர். கீழ்த்தளத்தில் பொயிலர் அறை அவருடைய இராச்சியம். லிஃப்ற் நின்றாலும், குழாய் உடைந்தாலும், எந்த நாட்டுக்காரரும் வந்து தட்டுவது அவருடைய கதவைத்தான். கிறிஸ்ரினா அன்ரி ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தார். குறைவாகப் பேசுவார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறவிட மாட்டார்.

அங்கிளின் கதையில் முக்கியமான இடம் ஒரு கோயில். சந்தொரினியின் மலை விளிம்பில், வெள்ளைச் சுவரும் நீலக் குவிமாடமுமாக ஒரு அந்தோனியார் கோயில். அதைப் பார்த்துக்கொள்ளும் சங்கிலித்தாமுக்கு ஒரு கண் தெரியாது, பெயர் கொஸ்தாஸ். கப்பல் போகும் போதெல்லாம் அங்கிள் ஏறிப்போய், ஊரிலிருக்கும் கிறிஸ்ரினாவுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்துவார். கொஸ்தாஸ் அவருடைய தலையில் கை வைத்துக் கிரேக்க மொழியில் ஏதோ முணுமுணுப்பார். இந்த இடத்தில் அங்கிளின் குரல் தழுதழுக்கும். எங்களில் பாதிப்பேருக்கு இந்தக் கதை மனப்பாடம். இருந்தாலும் கேட்போம்.

தொண்ணூற்றியேழில் நான் இரண்டு வருடம் முதுகில் ஒரு பையோடு ஐரோப்பாவெல்லாம் சுற்றிவிட்டு வந்திருந்தேன். வீட்டில் இருந்தால் கல்யாணப் பேச்சு. அதற்குத் தப்பி, சச்சிதானந்தன் அண்ணையின் பயண முகவர் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சச்சி அண்ணைக்கு வாய் ஓயாது. அந்த வருடம் அவருக்கு ஒரு பெரிய யோசனை வந்தது. சென்னைக்கும் கொழும்புக்கும் ரிக்கற் விற்றது போதும், எங்கள் சனத்தைச் சொகுசுக் கப்பலில் ஏற்றி மத்தியதரைக் கடலைக் காட்ட வேண்டும். கிரேக்கத்தின் பிரேயுஸ் துறைமுகத்தில் ஏறி, மிக்கொனோஸ், துருக்கிக் கரையில் எபேசு, ரோட்ஸ், கடைசியில் சந்தொரினி.

முதலில் வந்தவன் ஜூலியஸ். அப்பா அம்மாவின் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு இரண்டு ரிக்கற்.

"அம்மா வரமாட்டா எண்டு நினைச்சன்," என்றான். "கப்பலே வேண்டாம், சமையலறைக்கு நல்ல அலுமாரி போட்டுத் தா எண்டுதான் சொன்னவ. பிறகு சந்தொரினிக்குப் போகுமோ எண்டு கேட்டா. போகும் எண்டன். அப்ப வாறன் எண்டிட்டா."

அன்ரிக்கு ஒரு நேர்த்தி இருந்தது. அங்கிள் கடலில் இருந்த காலத்தில், மனுசன் கைகாலோடு திரும்பி வந்தால் அவர் மெழுகுதிரி கொளுத்தும் அதே கோயிலுக்குப் போய்த் தன் கையால் ஒன்று கொளுத்துவதாக அந்தோனியாருக்கு நேர்ந்திருந்தார். போக முடியாத இடத்துக்கு நேர்ந்துவிட்டோமே என்று அது இத்தனை வருடமும் அவருக்குள் கிடந்திருக்கிறது. இப்போது டவுன்ரவுனில் தேடி, முழங்கை நீளத்தில் ஒரு மெழுகுதிரி வாங்கியிருந்தார். கொஸ்தாஸுக்கு ஒரு புதுச் சேர்ட்டும் இரண்டு பைக்கற் தேயிலையும். வெறுங்கையோடு எப்படிப் போவது?

அடுத்த கிழமை பஸ்ரியன் அங்கிள் எங்கள் கந்தோருக்கு வந்தார். சச்சி அண்ணை இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார். "பிள்ளை, ஒருக்கா வெளியில வாரும். காரில இருந்து கதைப்பம்."

மரக்கறிக் கடைக்குப் பின்னால் காரை நிறுத்தி, கண்ணாடியையும் ஏற்றிவிட்டார்.

"நீர் சந்தொரினிக்குப் போனனீரெல்லே?"

"ஓம் அங்கிள். ஒரு கிழமை நிண்டனான்."

"அது எப்பிடி இருக்கும்?"

நான் சிரித்தேன். "என்னட்டையோ கேக்கிறியள்? நீங்கள்தானே..."

"பிள்ளை, நான் அதைக் கண்ணாலை காணேல்லை."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் ஸ்ரியரிங்கைப் பார்த்தபடியே சொன்னார். அவருடைய கப்பல் சீமெந்தும் கோதுமையும் ஏற்றியது. சொகுசுத் தீவுகளுக்கு அது ஏன் போகிறது? பிரேயுஸில் கட்டினாலும் இறக்கி ஏற்றும் வரை அவருக்குக் கீழே வேலை. லீவில் ஊருக்குப் போனபோது, எனக்காக எங்கே மெழுகுதிரி கொளுத்தினீர்கள் என்று அன்ரி கேட்டிருக்கிறார். எஞ்சின் அறையை விட்டு வெளியே வரவில்லை என்று சொன்னால் அழுவாரே என்று, கூட வேலை செய்த கிரேக்கனின் கலண்டரில் கண்ட படத்தை வைத்து ஒரு கோயிலைச் சொன்னார். அடுத்த லீவில் அன்ரி, கோயிலை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டார். அதனால் கொஸ்தாஸ் பிறந்தார்.

"கண் ஏன் அங்கிள் தெரியாமல் போனது?"

"அது ரொறொன்ரோவில போனது. கதைக்கு ஒரு இது வேணுமெண்டு."

"இப்ப என்ன செய்யப் போறியள்? அன்ரிக்குச் சொல்லுங்கோவன்."

"விசரே உமக்கு? அவள் பொய்யைக்கூடப் பொறுப்பாள். நேத்தி விசயத்தில பொய் சொன்னனான் எண்டு தெரிஞ்சால் என்ரை முகத்தில முழிப்பாளோ? எனக்கு ஒரு கோயில் வேணும் பிள்ளை. அவ்வளவுதான்."

சந்தொரினியில் வெள்ளைச் சுவரும் நீலக் குவிமாடமுமாகக் கோயில்களுக்குக் குறைவில்லை. அவை பெரும்பாலும் கிரேக்கச் சபைக் கோயில்கள். ஆனால் மேலேயுள்ள நகரத்தில் கத்தோலிக்கக் கோயில் ஒன்றும் இருந்தது நினைவுக்கு வந்தது. அங்கே அழைத்துப் போனால் சமாளிக்கலாம். ஒரு மாதமாக அந்தக் காருக்குள் நான் அவருக்குச் சந்தொரினியைப் படிப்பித்தேன். கப்பல் கரையில் கட்டாது, நடுக்கடலில் நிற்கும். சின்னப் படகில் இறங்க வேண்டும். நேரே செங்குத்து மலை. மேலே போகக் கேபிள் கார் இருக்கிறது. அல்லது கோவேறு கழுதை. கேபிள் காரில் ஏறி இறங்கியதும் கோயில் கிட்டத்தான். அங்கிள் எல்லாவற்றையும் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார்.

"கொஸ்தாஸ் செத்துப் போனார் எண்டு சொல்லுவம்," என்றார் ஒருநாள். அடுத்த நிமிடமே முகம் வாடிவிட்டது. "பாவம், நல்ல மனுசன்."

செப்ரெம்பரில் பிரேயுஸில் கப்பல் ஏறினோம். பதினாலு தமிழர்; கைப்பைகளில் மிளகாய்த்தூளும் மாங்காய் ஊறுகாயும். மாபிள் தரை, தங்க நிறக் கைப்பிடிகள், வெள்ளைக் கையுறை போட்டுத் தேத்தண்ணி ஊற்றும் பையன்கள். எங்கள் பெண்கள் முதல் நாள் சாப்பாட்டு மேசையில் குசுகுசுத்தார்கள். அடுத்த நாளே பரிமாற வந்தவனிடம், அவனுக்குப் பிள்ளைகள் எத்தனை என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

கிறிஸ்ரினா அன்ரியை நான் அப்படிப் பார்த்ததில்லை. மிக்கொனோஸில் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தார். மேல்தளத்தில் சாய்கதிரையில் படுத்து, காற்றில் சேலைத் தலைப்புப் பறக்க, "இதுக்குள்ளயோ இந்த மனுசன் ஒன்பது வருசம் இருந்தவர்? நான் ஊரில இருந்து தேவையில்லாமல் அழுதிருக்கிறன்" என்று சிரித்தார்.

அங்கிளுக்குச் சொகுசு ஒத்துவரவில்லை. அறையில் நித்திரை வருவதில்லை என்றார். எஞ்சின் சத்தம் கேட்காதாம். ஒருமுறை அவரைத் தேடிப் போனபோது, பயணிகள் போகக்கூடிய ஆகக் கீழான தளத்தில், கம்பளம் விரித்த நடையில், சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். என்னைக் கண்டதும் கையை எடுத்துவிட்டார்.

எபேசுவில் அன்ரிக்குக் கால் நிலத்தில் படவில்லை. பவுல் கடிதம் எழுதிய ஊர்ச்சனம் நடந்த தெரு! அங்கிருந்து, மாதா கடைசிக் காலத்தில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் மலை வீட்டுக்கும் போனோம். அங்கே சச்சி அண்ணை தன்பாட்டில் சொன்னார்: "அக்கா, உந்த மெழுகுதிரியை இஞ்சயே கொளுத்தினால் என்ன? மாதா பெரிய ஆளெல்லே?"

அங்கிள் அந்தக் கயிற்றை எட்டிப் பிடித்தார். "ஓமப்பா! மாதாவுக்குக் குடுத்தால் அந்தோனியார் கோவிப்பாரோ? இஞ்ச கொளுத்தும். வடிவான இடம்."

அன்ரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒராளுக்கு நேந்ததை இன்னொராளுக்குக் குடுக்கிறதோ? நீங்கள் வேதக்காரர்தானே?" என்றுவிட்டு, மாதாவுக்கு அங்கேயே வேறொரு சின்ன மெழுகுதிரி வாங்கிக் கொளுத்தினார்.

சந்தொரினிக்குப் போன காலை, கப்பல் மலைகளுக்கு நடுவே வந்து நின்றது. உச்சியில் வெள்ளையாக ஊர். எல்லோரும் கமராவைத் தூக்கினார்கள். அங்கிள் அண்ணாந்து பார்த்தார். வாய் திறந்தபடி இருந்தது. நான் அவருடைய முழங்கையைத் தட்டினேன். முதல்முறை பார்க்கிறவர் மாதிரிப் பார்க்கக் கூடாதே.

படகிலிருந்து இறங்கியதும் மற்றவர்கள் கேபிள் கார் வரிசையில் போய் நின்றார்கள்; நானும் அந்தப் பக்கம் திரும்பினேன். அன்ரி நின்றுவிட்டார். "இஞ்சாருங்கோ, நீங்கள் எப்பிடி ஏறிப் போனனீங்களோ அப்பிடித்தான் நானும் போகவேணும்."

"அண்ணை நடந்தெல்லோ போனவர்," என்றார் சச்சி அண்ணை. "அஞ்சு நிமிசம் எண்டு சொன்ன ஞாபகம்." மலையை அண்ணாந்து பார்த்தார். "அஞ்சு நிமிசம்?"

"கழுதை நடந்தது," என்றார் அங்கிள். "நான் மேல இருந்தனான்."

அவர் அதுவரை எந்த விலங்கின் மேலும் ஏறியதில்லை. ஏற்றிவிட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். கழுதை சுவரோரமாகவே போனது. அங்கிளின் முழங்கால் மலை முழுவதும் உரசிக்கொண்டே வந்தது. நடுவில் அது நின்று, திரும்பிக் கீழே போகப் பார்த்தது. "பழைய சிநேகம், விடமாட்டுதாம்!" என்று பின்னாலிருந்து சச்சி அண்ணை கத்தினார். அன்ரியின் கழுதை பூசைக்குப் போகிற பெண்ணைப்போல் நிதானமாக ஏறியது.

மேலே இறங்கியபோது அங்கிளுக்குத் திசை தெரியவில்லை. அவர் பாடமாக்கியது கேபிள் காரிலிருந்து போகும் வழி. என் கழுதை பின்தங்கிவிட்டது. நான் வந்து சேர்வதற்குள், அன்ரி "எந்தப் பக்கம்?" என்று கேட்க, "இந்தப் பக்கம்" என்று அவர் ஒரு ஒழுங்கைக்குள் நுழைந்துவிட்டார். நான் ஓடிப் பிடித்தபோது, வளைந்த கூரையும் நீலக் கதவுமாக இருந்த ஒரு வெள்ளைக் கட்டடத்தின் முன்னால் நின்று, "இதுதான்" என்று கை காட்டிக்கொண்டிருந்தார்.

அன்ரி தலையில் முக்காடு போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே வெக்கையாக இருந்தது. சுவரில் ஒரு பெரிய போறணை. தட்டுகளில் பாண். அது பேக்கரி. தலையிலிருந்து கால்வரை மாவாக, அங்கியணிந்த சாமியார் மாதிரி ஒரு கிழவர் திரும்பிப் பார்த்தார்.

"கொஸ்தாஸ்?" என்று கேட்டார் அன்ரி.

கிழவர் முகம் மலர்ந்து, நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டினார். "கொஸ்தாஸ்! கொஸ்தாஸ்!"

அதில் அதிசயமில்லை. ரொறொன்ரோவில் கிரேக்கர் கடைகள் நிறைந்த டான்ஃபோர்த் வீதியில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டாலே மூன்று பேர் திரும்புவார்கள். ஆனால் அங்கிளின் முகத்தில் இரத்தமில்லை.

அன்ரி கிட்டப் போய்க் கிழவரின் வலக் கண்ணைப் பார்த்தார். இடக் கண்ணைப் பார்த்தார். ஒரு விரலை ஆட்டிப் பார்த்தார். கிழவரின் இரண்டு கண்களும் விரலோடு போய் வந்தன.

"இஞ்சாருங்கோ!" அன்ரி அங்கிளின் பக்கம் திரும்பினார். "இவருக்கு ரண்டு கண்ணும் தெரியுது! அந்தோனியார் கண்ணைத் திருப்பிக் குடுத்திட்டார்!"

மாவு கொட்டிய நிலத்தில் முழங்காலில் விழுந்து சிலுவை அடையாளம் போட்டார். சச்சி அண்ணை சைவக்காரர். அவரும் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். கிழவர் ஒன்றும் விளங்காமல் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

அங்கிளுக்கு இனி ஒரு சிக்கலும் இல்லை. கோயில் கிடைத்துவிட்டது, கொஸ்தாஸ் கிடைத்துவிட்டார், மேலதிகமாக அந்தோனியாரின் புதுமை ஒன்றும் கிடைத்துவிட்டது. பேசாமல் நின்றிருந்தால் போதும். நானும் அவரைப் பார்த்துத் தலையசைத்தேன்.

"எழும்பும் கிறிஸ்ரினா," என்றார் அங்கிள்.

"பேசாமல் நீங்களும் முழங்காலில இருங்கோ."

"இது கோயில் இல்லை. பேக்கரி."

"முந்திக் கோயிலா இருந்திருக்கும்."

"இல்லையப்பா. நான் இஞ்ச வரேல்லை. ஒருநாளும் வரேல்லை. இவரை எனக்குத் தெரியாது."

அன்ரி முழங்காலில் இருந்தபடியே திரும்பினார். "அப்ப கொஸ்தாஸ்?"

"நான் வைச்ச பேர்."

"கண்?"

"அதுவும் நான் குத்தினதுதான்."

"மெழுகுதிரி? எனக்காகக் கொளுத்தின மெழுகுதிரி?"

அங்கிள் தலையை ஆட்டினார். "ஒண்டுகூட இல்லை. மேல வரவே விடமாட்டாங்கள். நீர் அழுவீர் எண்டுதான் சொன்னனான். பிறகு விட ஏலாமல் போச்சு. ஆனால் நீர் இந்த மனுசன்ரை கண்ணுக்காக முழங்காலில நிக்கேக்க எனக்குப் பாக்க ஏலாது."

போறணைக்குள் விறகு வெடித்தது. அன்ரி எழுந்து, சேலையில் ஒட்டிய மாவைத் தட்டினார். பையிலிருந்து சேர்ட்டையும் தேயிலையையும் எடுத்துக் கிழவரின் கையில் கொடுத்தார். "கொண்டந்ததைத் திருப்பிக் கொண்டுபோறேல்லை," என்றார் தமிழிலேயே. கிழவர் சேர்ட்டை நெஞ்சில் வைத்து அளவு பார்த்துவிட்டு, ஒரு பெரிய சுடுபாணைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தார்.

"பிள்ளை, உண்மையான கோயில் இருக்கோ?" என்று அன்ரி என்னிடம் கேட்டார்.

"இருக்கு அன்ரி."

"காட்டும்."

ஒழுங்கைகளில் அன்ரி முன்னால் நடந்தார். அங்கிள் பாணைச் சுமந்துகொண்டு கடைசியில் வந்தார். அன்றைக்குத்தான் சச்சி அண்ணை முதன்முறையாக வாயைத் திறக்காமல் நடந்ததைப் பார்த்தேன்.

கோயில் வாசலில் அன்ரி மெழுகுதிரியை வெளியே எடுத்தார். சூட்கேஸ் வெக்கையில் அது வளைந்து வாழைப்பழம் மாதிரி இருந்தது. அதை அங்கிளிடம் நீட்டினார்.

"நீங்கள் கொளுத்தின இடத்தில நானும் கொளுத்துறதெண்டுதான் நேந்தனான். நீங்கள் ஒண்டும் கொளுத்தேல்லையே. முதல் நீங்கள் கொளுத்துங்கோ."

அங்கிள் உள்ளே போய்க் கொளுத்தினார். வளைந்த மெழுகுதிரி எந்தத் தாங்கியிலும் நிற்கவில்லை.

"இது நிக்காதாம் கிறிஸ்ரினா."

"அப்ப பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ."

அவர் நின்றார். மெழுகு விரலில் சொட்டியது. கையை மாற்றி மாற்றிப் பிடித்தார். அன்ரி கடைசி வாங்கில் இருந்தார். சிறிது நேரத்தில் அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. நான் பயந்து கிட்டப் போனேன். முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்த மனுசன் என்ன நினைச்சிருக்கும் பிள்ளை? நான் விரலை ஆட்டி... அதுவும் ஆட்டுக்குட்டி மாதிரிக் கண்ணை உருட்டி..." மேலே சொல்ல முடியவில்லை. அது எனக்கும் தொற்றியது. கையில் நெருப்போடு அங்கிள் திரும்பிப் பார்த்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவர் நின்ற கோலத்தில் அன்ரிக்கு இன்னும் கூடியது. பிறகு எழுந்து போய் அவருடைய கையிலிருந்து மெழுகுதிரியை வாங்கி, தன் கையில் சிறிது நேரம் பிடித்திருந்துவிட்டு, ஊதி அணைத்தார். வத்திக்கான் சம்மதிக்குமோ தெரியாது. தன் நேர்த்தி தீர்ந்தது என்றார்.

கடைசிப் படகைத்தான் பிடித்தோம். கேபிள் காரில் இறங்கினோம். கழுதையில் ஏறிவந்த நோவில் அங்கிளுக்கு இருக்கவே முடியவில்லை.

படகில் அன்ரி பாணைப் பிய்த்து எல்லோருக்கும் கொடுத்தார். அங்கிளுக்குக் கடைசியாகக் கொடுத்தார்.

"சரி. அப்ப உண்மையில அந்த ஒன்பது வருசமும் என்னத்தைப் பாத்தனீங்கள்?"

அங்கிள் யோசித்தார். "குழாய்," என்றார். "வெக்கை. எண்ணெய். ஒரு கிரேக்கன் இருந்தான், ஒலிவ் காயும் வெங்காயமும் கொண்டந்து எனக்குப் பாதி தருவான். அவனுக்கு நான் எங்கடை செபம் சொல்லிக் குடுத்தனான். எஞ்சின் சத்தத்தில அவனுக்கு ஒண்டும் கேளாது. ஆனாலும் வாயைப் பாத்துப் பாத்துச் சொல்லுவான்."

"என்ன பேர்?"

"யன்னிஸ். இது உண்மையான பேரப்பா. சத்தியமா."

"கண்?"

"ரண்டும் இருந்தது."

அன்றிரவுச் சாப்பாட்டில் வெள்ளிக் கிண்ணங்களில் ஏதேதோ வந்தது. பக்கத்து மேசையிலிருந்து எங்கள் ஆட்களில் ஒருவர், நடந்தது ஒன்றும் தெரியாமல், "பஸ்ரியன் அண்ணை, இண்டைக்குச் சந்தொரினி! கதையை எடுத்து விடுங்கோ!" என்று கூப்பிட்டார். சச்சி அண்ணை என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

கிறிஸ்ரினா அன்ரி கையை உயர்த்தி அவர்களை மறித்தார். "பொறுங்கோ, பொறுங்கோ. இப்ப எனக்குச் சொல்லுறார்."

பிறகு அங்கிளின் பக்கம் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "கப்பலில பொயிலர் வெடிக்கப் பாத்தது எண்டியள். பிறகு?" என்றார்.